எஸ்ரா பாராயணம்

எஸ்ரா வான்டெவர் 1811-இல் நியூ ஜெர்சி சட்டமன்றத்துக்குப் போன வக்கீல். வாதாடியே மூன்று நீதிபதிகளைத் தூங்க வைத்தவர், நான்காமவரை அழ வைத்தவர் என்று நான் சொல்வேன். லைப்ரரிப் புத்தகத்தில் அதில் பாதிதான் இருக்கிறது. தப்பி வந்த அடிமைப் பெண் ஒருத்திக்காக அவர் சபையில் பேசியபோது, "உட்காரும்" என்று அதட்டினார்களாம். மனுஷர் தன் நாற்காலியைத் தூக்கிப்போய் வாசலில் வைத்துவிட்டு வந்து, "இப்போது எதில் உட்கார?" என்றாராம். இது மட்டும் சத்தியமாகப் புத்தகத்தில் இருக்கிறது.

அதே நியூ ஜெர்சியில், ஐசலின் ஊருக்குப் பக்கத்தில், எங்கள் தெருமுனையில்தான் அவர் வீடு. 1987-இல் அதை இடித்து பார்க்கிங் லாட் போட ஏற்பாடு. ஆட்சேபிக்க ஊர்க் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம்.

"கிரீன் கார்டு வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. யாரோ வெள்ளைக்காரன் வீட்டுக்கு நீங்க எதுக்குப்பா சண்டை போடணும்?" என்றாள் என் பெண் ஜலஜா.

"வீடுதாம்மா அவனோடது. வாய் என்னோடது."

மூன்று நிமிஷத்தில் எஸ்ரா பிறக்கவே மாட்டார். வெள்ளிக்கிழமை சகஸ்ரநாம கோஷ்டியை நடத்தும் விசாலாக்ஷி மாமியிடம் போனேன்.

"பாராயணத்துல ஒருத்தர் விட்ட எடத்துல அடுத்தவா எடுப்பேளே, அது மாதிரி எஸ்ரா கதையைக் கூட்டத்துல வாசிக்கணும்."

"இங்கிலீஷ்லயா?"

"எழுதித் தரேன்."

"சரி. ஆனா ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த மாட்டோம். தோஷம்."

ஜலஜா முணுமுணுத்துக்கொண்டே வேன் ஓட்டினாள். பதினோரு பட்டுப்புடவைகள் வரிசையாகப் பெயர் கொடுத்தன. முதலில் நான். மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் விட்டேன். பர்வதம் மாமி மூச்சு விடாமல் அடுத்த வார்த்தையைப் பிடித்தாள். ஐந்தாவது மாமி வருவதற்குள் கவுன்சிலர்களுக்குத் தாடி முளைத்துவிட்டது. விசாலாக்ஷி மாமி நாற்காலிக் கட்டத்தைத் தொட்டபோது தலைவர் மேஜையைத் தட்டினார்.

"போதும். எல்லாரும் உட்காருங்கள்."

மாமி அவரைப் பார்த்தாள். வாசிப்பை நிறுத்தாமலே தன் மடக்கு நாற்காலியை மடக்கினாள். பேப்பரும் கையுமாக நடந்து, அதைக் கதவுக்கு வெளியே சாய்த்துவிட்டுத் திரும்பினாள். பின்னாலேயே பத்து மாமிகள். கடைசியில் நான்.

பின்வரிசையில் இன்னொரு நாற்காலி மடங்கும் சத்தம். ஜலஜா. வெளியே வைத்துவிட்டு வந்து, பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டாள்.

"மாமி முடிச்சதும் எந்தப் பக்கம்ப்பா?"

தீர்மானத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வைக்கட்டும். எங்கள் வாசிப்பில் எஸ்ராவுக்கு அன்று நாற்பது வயதுதான் முடிந்திருந்தது. மனுஷர் எண்பத்தொன்று வரை இருந்தவர்.