சாசருக்கு அடியில் வைத்த பணம்

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியின் உணவகத்தில், ஜன்னலை ஒட்டிய ஏழாம் மேசையில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் வந்து அமர்ந்தார். உணவகத்தில் அப்போது வேலையில் இருந்தவர்கள் ஒன்பது பேர். ஏழாம் மேசைக்குப் பரிமாறும் பொறுப்பு, பதினெட்டு ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்துவந்த, ஐம்பத்தொரு வயதுப் பெண்ணினுடையது. அவளை எல்லோரும் ‘கடிகாரம்’ என்றே அழைத்தார்கள். காலையில் அவள் உணவகத்தின் கதவைத் திறக்கும் ஓசையை வைத்துப் பக்கத்துப் பத்திரிகைக் கடைக்காரர் தம் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்.

ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டை நிற்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டிப்ஸ் விஷயத்தில் படாத பாடு பட்டதைப் பார்த்து, மேலாளர் கேட்டுக்கொண்டபடி கடிகாரமே அதை எழுதினாள். ‘அன்பளிப்பு கட்டாயம் அன்று. கொடுக்க விரும்புவோர் பில் தொகையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். பணத்தைக் கையில் கொடுக்காமல் சாசருக்கு அடியில் வைத்துச் செல்லவும். அது பணியாளர் அனைவருக்கும் சமமாகப் பகிரப்படும்.’ நான்கே வாக்கியங்கள். அவற்றை நான்கு மொழிகளில் அச்சடித்தார்கள். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று அவள் நம்பினாள். எப்போது கொடுப்பது என்பது மட்டும் அதில் இல்லை. அதையும் எழுத வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

பயணி அட்டையை முழுவதும் படித்தார். பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தார். கடிகாரம் காபியுடன் திரும்பி வந்தபோது, காலிச் சாசருக்கு அடியில் மடிக்காத புதிய நோட்டு ஒன்று இருந்தது. ஒரு வாரம் முழுவதும் அந்த மேசை ஈட்டித் தரும் தொகை அது. அவசரக்காரர் போலும் என்று நினைத்துக்கொண்டு அவள் காபியை வைத்தாள்.

அவர் காபியைத் தொடவில்லை. கைதுடைக்கும் துணியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிறிபோல் மடித்து, அடியில் சிறு நாக்கு ஒன்றை உள்ளே செருகிய மடிப்பு அது. அந்த நாக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இதை மடித்தவர் யார்?” என்று கேட்டார். நம் மொழியைப் புத்தகத்தில் கற்றவர் என்பது தெரிந்தது. ஒரு பிழைகூட இல்லை. ஓர் ஏற்ற இறக்கமும் இல்லை.

அந்த மடிப்பைப் பற்றிக் கடிகாரத்துக்கும் பெருமை உண்டு. சலவை அறையில் நான்கு மாதமாக ஒரு பெண் வேலை பார்ப்பதையும், இஸ்திரி போட்ட சூட்டிலேயே அவள் மடித்துவிடும் அழகையும் எடுத்துச் சொன்னாள். பயணி தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

அன்று நாற்பது துணிகள் போய் முப்பத்தொன்பதுதான் சலவைக்குத் திரும்பின. கடிகாரம் மேசைகளின் அடியிலெல்லாம் குனிந்து தேடினாள். சமையலறை ஜன்னல் வழியாக மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, கடிகாரம் கீழ விழுந்துடுச்சா?”

மாலையில் டிப்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்பது பேருக்கும் பங்கு பிரித்தபோது, ஏழாம் மேசைக்கு யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்று மாஸ்டர் வேண்டிக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

புதன்கிழமையும் காபிக்கு முன்பே நோட்டு வந்துவிட்டது. அந்தப் பெண் உள்ளூர்க்காரியா என்று பயணி விசாரித்தார். வெளியூர்க்காரி என்றும், பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றும் கடிகாரம் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான், வாய் ஒரு சொல் அதிகமாகப் பேசிவிட்டதாக அவளுக்கு உறுத்தியது. குழந்தை என்ற சொல்லைக் கேட்டதும் பயணியின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கத்தியை மட்டும் எடுத்து முள்கரண்டிக்கு இணையாக நேராக்கி வைத்தார். அன்று திரும்பிய துணிகள் முப்பத்தெட்டு.

வியாழக்கிழமை அவர் வைத்தது இரண்டு நோட்டு.

“அவள் எந்த வாசல் வழியாக, எத்தனை மணிக்கு வெளியே செல்கிறாள்?”

கடிகாரம் காபியை மேசையில் வைத்தாள். தனக்குத் தெரியாது என்றாள். அவளுக்குத் தெரியாத நேரம் ஒன்று அந்தக் கட்டடத்தில் இல்லை என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் புன்னகை செய்தார்.

“உங்கள் அட்டை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எங்கள் நாட்டில் முதலில் கொடுப்போம்; பிறகு கேட்போம். வாங்கிக்கொண்டவர் மறுப்பதில்லை. நீங்கள் மூன்று நாளாக வாங்கியிருக்கிறீர்கள்.”

“அது நீங்க பிரியப்பட்டுக் குடுத்ததுன்னு நினைச்சேங்க,” என்று சொல்லி, கடிகாரம் அந்த இரண்டு நோட்டையும் அவர் பக்கமாக நகர்த்தினாள்.

அவர் ஒரு விரலால் அவற்றை மீண்டும் சாசருக்கு அடியில் தள்ளினார். “மூன்று நாள் பணத்தையும் சேர்த்துத் திருப்பினால்தான் திருப்பியதாகும். நாளைக் காலை வரை காத்திருப்பேன்.”

சலவை அறையில் அந்தப் பெண் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே ‘மடிப்புக்காரி’ என்று பெயர். கடிகாரம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தான் சொல்லக் கூடாததைச் சொன்னதையும் மறைக்கவில்லை. மடிப்புக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உள்ள செருகியிருக்கிற நாக்கைத் தொட்டுப் பாத்தாராக்கா?”

“பாத்தார்.”

“அது அவங்க வீட்டு மடிப்பு. நான் அந்த வீட்டுல இருந்தப்போ அவங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தது. வேற யாரும் இப்படி மடிக்க மாட்டாங்க. இங்க ஓடி வந்த முதல் நாளே வேற மாதிரி மடிக்கணும்னுதான் நினைச்சேன். கை தானா மடிச்சிடுச்சு.”

அவள் ரவிக்கையின் கையைச் சற்றே மேலே தள்ளிக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த பழைய தழும்பு ஒன்று தோளுக்குக் கீழே முக்கோணமாகத் தெரிந்தது.

அன்று மாலை கடிகாரம் ஒன்பது பேரையும் கூட்டினாள். பங்கைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் முணுமுணுப்பு எழுந்தது. கிடைத்ததைத் திருப்பித் தரும் உணவகம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றார் மாஸ்டர். காரணத்தைக் கேட்ட பிறகு, செவ்வாய்க்கிழமைப் பங்கில் வாங்கிய புதுச் செருப்பை அங்கேயே கழற்றி, “இதையும் வேணும்னா எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு,” என்று முனகியபடி தம் பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார். மேலாளர் மட்டும், விருந்தினரைப் பகைத்துக்கொள்ளாமல் பக்குவமாக நடந்துகொள்ளும்படி இரண்டு முறை சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு முப்பதுக்கெல்லாம் முழுப் பணமும் ஏழாம் மேசையின் சாசருக்கு அடியில் இருந்தது. துணியை மடிக்காமல் தட்டையாக விரித்திருந்தாள் கடிகாரம்.

பயணி வந்தார். சாசரைத் தூக்கிப் பார்த்தார். பணத்தை எண்ணாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சரியாக இருக்கும். நீங்கள் ஒழுங்கானவர். நமக்குள் இனி ஒன்றும் இல்லை.”

கடிகாரம் மூச்சு விட்டாள். அவர் துணியை எடுத்துத் தம் முன்னால் விரித்து, நிதானமாக மடிக்கத் தொடங்கினார். விசிறி முடிந்தது. அடியில் நாக்கை விரல் நுனியால் உள்ளே செருகினார்.

“பின்வாசல். மூன்று மணி. அங்கிருந்து நடந்து பள்ளிக்கூடம். பள்ளி மூன்றரைக்கு விடுகிறது.”

யார் சொன்னார்கள் என்று கேட்கக் கடிகாரம் வாயெடுத்தாள். அவரே பதில் சொன்னார்.

“உங்கள் அட்டை மேசையின்மேல் இருக்கிறது. வாசலில் இல்லை.”

வாசற்காவலர் உணவகத்தின் ஆள் அல்லர், விடுதியின் ஆள். பெட்டியில் அவருக்குப் பங்கு கிடையாது. எனவே முந்தின நாள் கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

கடிகாரம் காபியைச் சிந்தாமல் ஊற்றினாள். முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சமையலறைக்குள் போய், பதினெட்டு ஆண்டுகளில் முதல் முறையாக, வேலை நேரம் முடியும் முன்பே மேலங்கியைக் கழற்றினாள்.

“மாஸ்டர், காய்கறி வண்டிச் சாவியைக் குடுங்க. மேசை ஏழுக்கு இன்னொரு காபி அனுப்புங்க. அதுக்கப்புறமும் ஒண்ணு அனுப்புங்க. அவர் எழுந்திரிக்கவே கூடாது.”

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். “சாவி வேணாம். நானே ஓட்டறேன். காபியைத் தம்பி பாத்துப்பான்,” என்று உதவிச் சமையற்காரரைக் கைகாட்டிவிட்டுப் புறப்பட்டார்.

எட்டே கால் மணிக்கு வண்டி கிளம்பியது. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே மடிப்புக்காரி உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று பள்ளியில் சொல்லி அழைத்துவந்தது கடிகாரம். தனக்குக் காய்ச்சல் இல்லை என்று குழந்தை டீச்சரிடம் தெளிவாகச் சொன்னது. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த டீச்சர், கடிகாரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவைத்தார். குழந்தையை வண்டியில் ஏற்றிவிட்டுக் கடிகாரம் அங்கேயே நின்றபோது, தெருவின் எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் ஓர் ஆள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். வண்டி திரும்பியதும் அவன் பத்திரிகையைத் தாழ்த்தி எண்பலகையைப் பார்த்தானா, வேறு எதையேனும் பார்த்தானா என்பதைக் கடிகாரத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மேலாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். முடிவானவை இவை. மடிப்புக்காரிக்கு அன்று வரையிலான சம்பளத்தைக் கொடுத்து விடுவிப்பது. அவளும் குழந்தையும் போய்ச் சேர்ந்த இடத்தை எந்த ஏட்டிலும் எழுதாமல், மாஸ்டர் ஒருவரே அறிந்திருப்பது. பயணியைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுப்பது. பிறகு அங்கே போனபோது, டிப்ஸ் கொடுப்பது குற்றமா என்று கேட்டார்கள். எனினும் புகாரை வாங்கிக்கொண்டார்கள். வாசற்காவலரைக் கிடங்கு வேலைக்கு மாற்றுவது. அவர் தாம் வாங்கியதை மேலாளரின் மேசையில் வைத்துவிட்டு அழுதார். அந்தப் பணத்தைத் தொட யாரும் முன்வராததால் அது உறையில் இட்டு ஒட்டப்பட்டது. கைத்துணிகளை இனி மடிக்காமல் விரிப்பது. அட்டையில், அன்பளிப்பை வேலை முடிந்த பின்னரே வைக்க வேண்டும் என்றும், பணியாளரைப் பற்றிய கேள்விக்கு அது விலை அன்று என்றும் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து, ஒரு பிரதியை வாசலிலும் மாட்டுவது.

பயணி மாதக் கடைசி வரை அறை வாடகையைச் செலுத்தியிருந்தார். அவரை வெளியேற்ற மேலாளருக்குத் துணிவில்லை. வேறொருவர் பரிமாறினால் அவர் முதலிலிருந்து கேட்கத் தொடங்குவார் என்பதால், மறுநாள் முதல் ஏழாம் மேசைக்குக் கடிகாரமே பரிமாறுவது என்று முடிவாயிற்று. அவள் அதற்கு ஒப்புக்கொண்டாள்.