திறந்தவர் ஒருவர்

மருத்துவக் கல்லூரி நூலகர் என்று சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் முதல் வார்த்தையோடு நின்றுவிடுவார்கள். திருவண்ணாமலையில் நான் மாடியறைக்குக் குடிவந்த முதல் வாரமே வீட்டுக்காரர் பாலாஜி என் முன்னால் நாக்கை நீட்டிக் காட்டினார். நானும் குனிந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து மாடிக்குத் தண்ணீர் தடையில்லாமல் ஏறுகிறது. என் மருத்துவ வாழ்க்கையின் ஒரே சாதனை அது.

வயது நாற்பத்தெட்டு. பெயர் சகாதேவன். கல்யாணம் ஆகவில்லை; ஆகாததற்குப் பெரிய கதை எதுவும் இல்லை, யாரும் கேட்டுக்கொள்ளவில்லை என்பதைத் தவிர.

நூலகத்துக்கென்று ஒரு வலைப்பூ நடத்துகிறேன். மாணவர்கள் அதை ப்ளாக் என்பார்கள், சொல்ல நேர்ந்தால். உலகத்தில் எங்கெங்கோ வெளியாகும் மருத்துவக் கட்டுரைகளில் நம் மாவட்டத்துக்கு உதவக்கூடியது ஒன்றைப் பிடித்து, எளிய நடையில் ஒரு பக்கமாகச் சுருக்கிப் போடுவேன். பாம்புக்கடி, பூச்சிமருந்து, வெயில் மயக்கம், இப்படி. விடுமுறை, தேர்வு வாரங்கள் போக, புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பதிவு ஏறும். அதே நிமிடம், மாணவர்கள் கல்லூரியில் சேரும் முதல் நாளிலேயே நான் வலுக்கட்டாயமாக மின்னஞ்சல் முகவரி எழுதி வாங்கிய நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கடிதமாகப் போகும்.

கடிதம் அனுப்பும் அந்தக் கருவியில் ஒரு வசதி உண்டு. எத்தனை பேர் திறந்தார்கள் என்று சொல்லும். ஒவ்வொரு வாரமும் ஒரே பதில்தான்: ஒருவர். அந்த எண்ணை அழுத்தினால் யார் என்றும் காட்டும். இரண்டு வருடமாக நான் அழுத்தவில்லை. பட்டியலில் என் முகவரியும் இருக்கிறது. அந்த ஒருவர் நானாக இருந்துவிட்டால் என்ன செய்வது? தெரியாத வரைக்கும் யாரோ ஒருவர் இருக்கிறார். தெரிந்துவிட்டால் ஒருவேளை யாருமே இல்லை.

இனி என் முட்டாள்தனம். புதன் எட்டு மணி தவறக்கூடாது என்ற வீம்பில் மூன்று வாரப் பதிவுகளை முன்கூட்டியே எழுதி, நாள் குறித்து, கருவியிடம் ஒப்படைத்துவிடுவேன். அது தானாக ஏற்றிக்கொள்ளும். என் நேரம் தவறாமையைப் பாராட்ட ஆள் இல்லாததால் நானே அவ்வப்போது பாராட்டிக்கொள்வேன்.

அந்தப் புதன்கிழமை ஏறியது பாம்புக்கடி பற்றியது. விஷமுறிவு மருந்தை வழக்கமான அளவைவிடக் குறைவாகக் கொடுத்தாலே போதும் என்று சொன்ன ஒரு கட்டுரையின் சுருக்கம். வெள்ளிக்கிழமை காலை முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டைச் சரிபார்க்க, பத்திரிகைகள் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரைகளின் பட்டியலைத் திறந்தேன். மேலிருந்து மூன்றாவது அதேதான். நோயாளிகளின் கணக்கே தவறு, முடிவுகளை யாரும் நம்ப வேண்டாம் என்று பத்திரிகை அறிவித்திருந்தது. அறிவித்த நாள் திங்கட்கிழமை. என் பதிவு இரண்டு நாள் கழித்து, சொன்ன நேரத்துக்கு, ஒரு நிமிடம் பிசகாமல் ஏறியிருக்கிறது.

பதிவை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு திருத்தமும் போட்டேன். பிறகுதான் கடிதம் நினைவுக்கு வந்தது. கருவியைத் திறந்தேன். திறந்தவர் ஒருவர். கீழே இதுவரை நான் கவனித்தறியாத இன்னொரு வரி: அச்சிட்டவர் ஒருவர்.

வாசகர் வேண்டும் என்று இரண்டு வருடம் ஏங்கிய மனிதன், அந்த ஒருவர் நானாகவே இருக்கவேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு அழுத்தினேன். நான் இல்லை. டாக்டர் அம்ருதா. நான்கு வருடம் முன்பு எங்களிடம் படித்து முடித்த பெண்.

நூலக உதவியாளர் மூர்த்தியிடம் சொன்னேன். அவன் தேநீரைக் கீழே வைக்காமலே ஆறுதல் சொன்னான்.

"நீங்க எழுதறத யாரு சார் படிக்கப் போறாங்க? உடுங்க."

"ஒருத்தர் படிச்சிருக்காங்க மூர்த்தி."

"அப்ப அதுதான் சார் பிரச்சினையே."

அவசரம் என்று தலைப்பிட்டு அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். அரை மணி நேரம் திரையைப் பார்த்தேன். திறக்கவில்லை. பழைய உறுப்பினர் அட்டையைத் தேடி எடுத்தால் அதில் இருந்தது அப்பாவின் எண். உமாமகேஸ்வரன், கோயில் குருக்கள். அன்று பௌர்ணமி வேறு. நான்காவது முறை எடுத்தார். பின்னால் மணியும் கூட்டமும். யார் என்று இரண்டு தடவை விளக்கினேன். பெண்ணின் எண்ணை அந்நிய ஆணுக்குக் கொடுக்க மாட்டேன் என்பதை மிக மரியாதையாகச் சொன்னார். ஆனால் அவள் இருக்கும் ஊரைச் சொல்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. கீழ்பென்னாத்தூர் தாண்டி, ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், நாலு மணி வரை இருப்பாள். அவசரம் என்றால் நேரிலேயே போகலாமே என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எனக்குத்தான் அது தோன்றவில்லை. பல வருடமாக நான் யாரையும் நேரில் போய்ப் பார்த்ததில்லை.

பௌர்ணமி என்றால் பேருந்துகள் ஊருக்குள் வராது. கிரிவலத்துக்கு வந்து இறங்கும் கூட்டத்துக்கு எதிராகத் திண்டிவனம் சாலைத் தற்காலிக நிலையம் வரை நடந்தேன். லட்சம் பேர் மலையை நோக்கி வர, நான் ஒருவன் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒரு அம்மாள் கையைப் பிடித்து, "சாமி, இப்டிக்கா போவணும்" என்று திருப்பிவிடப் பார்த்தார். பேருந்தில் எல்லா இருக்கையும் காலி. சாலையின் இரண்டு பக்கமும் வேர்க்கடலைக் கொல்லையில் பெண்கள் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அண்ணன் நிலமும் அந்தப் பக்கம்தான். அந்தக் கொல்லைகளில் வருடத்துக்கு எத்தனை பேரைப் பாம்பு கடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றியே ஒரு பதிவு போட்டிருக்கிறேன்.

சுகாதார நிலைய வாசலில் நர்ஸ் தமிழ்செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், நாய்க்கடியா?"

டாக்டரைப் பார்க்கவேண்டும், ஒரு காகிதம் விஷயமாக என்றேன். சொல்லும்போதே ஊசி போடும் அறைக்குள் என் கண் போய்விட்டது. மருந்துக் குளிர்பெட்டிக்கு மேலே, சுவரில், நான்கு மூலையும் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. என் தலைப்பு, என் வாக்கியம், கீழே என் நூலகத்தின் பெயர். என் எழுத்து ஒன்று சுவரேறியதை வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறேன். கிழிக்கக் கை பரபரத்தது.

"பாம்புக்கடி யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானம் ஒரு கேஸு."

நான் பக்கத்திலிருந்த எடை பார்க்கும் எந்திரத்தின் மேல் கால் வைத்து நின்றேன். அது என் எடையைக் காட்டியது.

அதற்குள் டாக்டர் அம்ருதா வந்துவிட்டார். நான் நூலகர், அந்தத் தாளை எழுதியவன், அது தவறு, பத்திரிகை திரும்பப் பெற்றுவிட்டது என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் பதற்றப்படவில்லை. நேற்று வந்தவருக்கு வழக்கமான அளவுதான் கொடுத்ததாகவும், 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதாகவும், இன்று காலை அங்கே இட்லி சாப்பிட்டதாகக் கேள்வி என்றும் சொன்னார்.

"ஒரே ஒரு பேப்பரப் பாத்துட்டு டோஸ மாத்துவேனா சார்?"

உயிர் திரும்பி வந்தது. கூடவே, அவ்வளவுதானா என் எழுத்துக்கு மதிப்பு என்று ஒரு சின்ன வருத்தமும் வந்தது. மனிதன் எவ்வளவு அற்பம் என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ஆனால் தாளைச் சுவரில் ஒட்டியது டாக்டர் இல்லை. மேசையில் கிடந்ததைப் பார்த்துத் தமிழ்செல்வி ஒட்டியது. அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம் லீவுல இருந்து போனும் கெடைக்கலன்னா, நான் இதத்தான் சார் பாத்திருப்பேன்."

அவரே பிளாஸ்திரியை நகத்தால் சுரண்டித் தாளை எடுத்துத் தந்தார்.

டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். என் கடிதத்தை ஏன் திறக்கவில்லை என்பதும் புரிந்தது. அந்தக் கட்டடத்துக்குள் இணையம் எட்டாது. புதன்தோறும் பேருந்து ஏறுமுன் டவுனில் திறந்து, அச்சிட்டு எடுத்துவந்து, மதியச் சாப்பாட்டின்போது படிப்பாராம். மேசை மேலிருந்த நீலக் கோப்பைத் திருப்பிக் காட்டினார். என் பதிவுகள். துளையிட்டு, எண் போட்டு, ஓரத்தில் பென்சில் குறிப்புகளோடு.

"மத்தியானம் இங்க பேச்சுத் துணைக்கு ஆள் கெடையாது. இதுதான். ஆனா இத ஒரு ஆள் எழுதறார்னு எனக்குத் தெரியாது சார். சாஃப்ட்வேரே எழுதி அனுப்புதுனு நெனச்சேன்."

சாஃப்ட்வேராக இருந்தால் பேருந்தில் வந்திருக்காது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சொல்ல விட்டுப்போயிற்று. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நல்லவேளையாக அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"இதோட அறுபத்து மூணு. மத்த அறுபத்திரண்டும் சரியா இருக்கா?"

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோப்பு மேசையிலேயே இருக்கும். மதியங்களில் நானும் அங்கே இருப்பேன்.

"தெரியாதுங்க. போட்ட பிறகு திரும்பப் பாக்கல."

அவர் திட்டவில்லை. கோப்பை மூடி, எழுந்து, பின்னாலிருந்த பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"பாத்துட்டுச் சொல்லுங்க சார். அதுவரைக்கும் உள்ளயே இருக்கட்டும். மெயில் வேணாம், இங்க வராது. போன்ல ஒவ்வொண்ணா சொல்லுங்க." தன் எண்ணை ஒரு மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று என்று சரிபார்த்தால் அறுபத்திரண்டு நாள். அறுபத்திரண்டு நாளும் ஒரு மனிதரிடம், காரணத்தோடு, உரிமையோடு பேசலாம். ஆடி, ஆவணி தாண்டிப் புரட்டாசி வரை வரும். அவரேதான் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றார். கேட்டால் சாட்சி உண்டு.

கீழ்பென்னாத்தூர் வந்தபோது களையெடுத்து முடித்த பெண்கள் தூக்குவாளியோடு ஏறினார்கள். ஒருத்தி என் காலை மிதித்துவிட்டு, "தெர்லண்ணா" என்றாள். வெறுங்கால். சேறு காய்ந்திருந்தது. நான் கணக்கை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மூர்த்தியிடம் சாவி வாங்கி நூலகத்தைத் திறந்து உட்கார்ந்தவன் ஞாயிறு மதியம் முடித்தேன். அறுபத்திரண்டு கட்டுரைகளையும் மூலப் பத்திரிகையில் போய்த் தனித்தனியாகப் பார்த்தேன். அறுபது சரி. இருபத்தேழாவதில் பத்திரிகையே ஒரு அளவைத் திருத்தியிருந்தது. நாற்பத்தொன்றாவது, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றியது, போன மார்கழியிலேயே திரும்பப் பெறப்பட்டிருந்தது. ஏழு மாதமாக அந்தக் கோப்புக்குள் இருந்திருக்கிறது.

திங்கள் காலை அவர் பணிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அழைத்தேன். பேச நினைத்ததை எழுதி வைத்திருந்தேன். நலமா என்பதுகூட எழுதியிருந்தது. அவர் எடுத்ததும் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், சொல்லுங்கள் என்றார். நான் எண்களைச் சொன்னேன். இருபத்தேழில் எதை எப்படித் திருத்த வேண்டும் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே திரும்பச் சொன்னார். நாற்பத்தொன்று செல்லாது என்றதும் தாள் கிழிபடும் சத்தம்.

"வேற?"

"வேற இல்லீங்க. மத்ததெல்லாம் சரி."

"எல்லாத்தையும் பாத்துட்டீங்களா? ரெண்டு நாள்ல?" என்றார். பிறகு, "இனிமே போடற அன்னிக்குக் காலைல ஒரு தடவ பாத்துட்டுப் போடுங்க சார்."

சரி என்றேன். வைத்துவிட்டார்.

நான்கு நிமிடம் பதினொரு விநாடி என்று கைபேசி காட்டியது. மேசை மேல் மருந்துச் சீட்டு இருந்தது. அதிலுள்ள எண்ணை இனி அழைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. கருவியைத் திறந்து, அடுத்த மூன்று வாரத்துக்கு நாள் குறித்து வைத்திருந்த பதிவுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மூர்த்தி எட்டிப் பார்த்து, கடையை மூடிவிட்டீர்களா சார் என்று கேட்டான்.

புதன்கிழமை நான் ஏழு மணிக்கு வந்து பதிவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போடவேண்டும், சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ என்றேன்.