கண்டறியும் அளவுக்குக் கீழே

அந்த ஊரில் உடம்பில் துளிப் பாதரசம்கூட இல்லாத ஒரே ஆள் சலூன்காரர்தான். அது தெரியவந்த வருடமே அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகத் தொடங்கினார். முதலில் காது மடல்கள், பிறகு விரல் நுனிகள். ஊரார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றங்கரையில் பாதரசத்தை வைத்துக் காஸ்டிக் சோடா தயாரிக்கும் ஆலை வந்ததிலிருந்தே அங்கே பூனைகள் பின்பக்கமாக நடந்தன, கழுவி வைத்த கரண்டிகள் காலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, அடைமழையில் ஒழுகும் கூரைகளிலிருந்து சில நாள் வெள்ளி நிறத்தில் சொட்டியது. ஜனங்கள் அதற்கும் ஒரு வாளியை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். காது மடல் இல்லாத ஒருவர் முடி வெட்டுவதா அவர்களுக்கு அதிசயம்? அவருடைய மனைவிக்கு மட்டும்தான் அது தூக்கத்தைக் கெடுத்தது. அவள் ஆய்வுக்கூடத்தில் பாதரசம் அளப்பவள். ஒன்று குறைந்துகொண்டே போனால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அவர்களைச் சேர்த்துவைத்ததும் பாதரசம்தான். ஆற்று மீன் தின்கிறவர்களின் முடியைச் சேகரிப்பதற்காக அவள் ஊரிலுள்ள எல்லா சலூன்களிலும் காகித உறைகளைக் கொடுத்துவிட்டு வந்தாள். பிடரியில், தோலை ஒட்டி வெட்ட வேண்டும். வேர்ப்பக்கத்தை வெள்ளை நூலால் கட்ட வேண்டும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. அந்த மாதம் தின்ற மீனின் பாதரசத்தை அந்தத் துண்டு அப்படியே வைத்துக்கொள்கிறது. நூலை நுனிப்பக்கம் கட்டிவிட்டால் ஒரு வருடம் தலைகீழாக ஓடிவிடும், கூடிக்கொண்டு வந்த விஷம் குறைந்துகொண்டு வந்ததாகத் தோன்றும். மற்ற சலூன்களில் தரையில் கிடந்ததைக் கூட்டி அள்ளி உறையில் போட்டார்கள். இவர் ஒருவர்தான் ஒவ்வொரு கற்றையையும் முறைப்படி கட்டிக் கொடுத்தார். "ரிப்பன் கட்டணும்னா சொல்லுங்க மேடம், ஜடையே பின்னித் தர்றேன்" என்றார். இரண்டாம் வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள். பாதரசம் தங்கத்தைக் கண்டால் விடாது என்பதால் அவள் தினமும் மோதிரத்தைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவாள். "கல்யாணம் ஆனதையே மறைச்சு வேலை பாக்குற பொம்பளை நீ ஒருத்திதான்" என்று அவர் கிண்டல் செய்வார்.

ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தீராத வேதனை இருந்தது. எதை அளப்பதற்கும் முன்னால், ஒன்றுமே போடாத குப்பி ஒன்றை இயந்திரத்துக்குக் காட்ட வேண்டும். அதற்கு பிளாங்க் என்று பெயர். ஆனால் அமிலத்தில் கொஞ்சம், கையுறையில் கொஞ்சம், பக்கத்தில் நிற்பவரின் மூச்சில் கொஞ்சம் என்று அந்த ஒன்றுமில்லாத குப்பியிலும் எப்போதும் ஏதாவது இருந்தது. அதைக் கழித்துவிட்டுத்தான் ஊராரின் அளவைச் சொல்ல முடியும். ஆலையின் வக்கீல் ஒவ்வொரு விசாரணையிலும் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார்: உங்கள் வெறும் குப்பியிலேயே பாதரசம் இருக்கும்போது எங்கள் ஆற்றைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன யோக்கியதை? தலைமை ஆய்வாளர் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அறிக்கையில் யாரும் பூஜ்யம் என்றோ இல்லை என்றோ எழுதக் கூடாது. "இல்லன்னு சொல்ல நீ யாரும்மா? மெஷினுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்று தாளைக் கிழித்துப் போடுவார். கண்டறியும் அளவுக்குக் கீழே என்றுதான் எழுத வேண்டும்.

ஒரு நாள் இயந்திரத்தைச் சரிபார்க்க வேறு முடி கைவசம் இல்லாமல் அவள் கணவரின் பிடரி முடியைப் போட்டாள். திரையில் கோடு எழும்பவில்லை. பிளாங்க்கைவிடக் கீழே, தரையில் விழுந்த நூலைப்போலக் கிடந்தது. குழாய்களைக் கழற்றிக் கழுவி மறுபடி போட்டாள். நூல் அசையவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் கண்ணாடி முன் நின்று சிரித்தார். "என்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு எங்கப்பா அப்பவே சொல்லிட்டாரு. அதுக்குப் போயி அவ்வளோ பெரிய மெஷினா?" ஊரே வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனது. ஆனால் அவள் அளக்கிறவள். பாதரசத்தோடு நிறுத்த முடியவில்லை. துத்தநாகம் பார்த்தாள், செம்பு பார்த்தாள், செலினியம் பார்த்தாள். உடம்பு ஓட ஒவ்வொன்றும் இத்துனூண்டு வேண்டும். அந்த இத்துனூண்டும் அவரிடம் மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டிருந்தது. இரும்பு தீர்ந்த வாரம் ரத்தம் எடுத்தபோது ஊசியில் தண்ணீர் மாதிரி ஏறியது. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"விஷம் எதுவும் இல்லையேம்மா, சந்தோஷப்படுங்க."

"டாக்டர், எதுவுமே இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவள் சும்மா இருக்கவில்லை. இரும்பு மாத்திரை, துத்தநாக மாத்திரை, கீரை, ஈரல், இரும்புச் சட்டியில் சமையல் என்று எல்லாம் செய்து பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் போவதுபோல எல்லாம் அவருக்குள் நுழைந்து மறுபக்கம் போயின. அதற்குள் அவர் முழங்கை வரை மறைந்திருந்தார்; வாடிக்கையாளர்களுக்குச் சீப்பும் கத்தரியும் காற்றில் வருவது பழகிவிட்டது. "முன்னாடி நீங்க குறுக்க நிப்பீங்க, மூஞ்சியே தெரியாது. இப்பத்தான் கண்ணாடி நல்லாத் தெரியுது" என்றார் ஒருவர். அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆலையின் கழிவுக்குழாய் வந்து விழும் இடத்தில் பிடித்த மீனை வாங்கப் போனாள். மீன்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதைத் தின்னாதீங்கன்னு போர்டு வெச்சதே நீங்கதானே? இப்ப இது யாருக்கு?"

"வீட்டுக்காரருக்கு."

"ஏன், சண்டையா?"

அவள் பையை நீட்டினாள். ஒரு துளி விஷமாவது அவரிடம் தங்காதா, அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டு மீதி ஆளை இழுத்துவிட மாட்டோமா என்பதுதான் அவளுடைய கணக்கு. எந்த மீன் என்று அவருக்குத் தெரியும். "முள்ளு ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தின்றார். அவரைத் தனியாகத் தின்னவிட மனம் வராமல் அவளும் கூட உட்கார்ந்து தின்றாள். அந்தக் கோடை முழுக்க அந்த வீட்டில் அந்த மீன்தான். கோடை முடிந்து அவருடைய முடியை வெட்டியபோது அதுவும் கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது. விரலால் தடவித்தான் வேர்ப்பக்கம் கண்டுபிடித்தாள். உறைக்குள் வெள்ளை நூல் ஒன்று ஒன்றுமில்லாததைச் சுற்றிக் கட்டுண்டு கிடந்தது. திரையில் கோடு எழும்பவில்லை. தன் முடியைப் போட்டாள். கோடு திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. இரண்டு பேருக்குச் சேர வேண்டியது அவளிடமே சேர்ந்திருந்தது.

இந்தச் செய்தி எட்டியதும் தலைமை ஆய்வாளர் சலூனுக்கே வந்தார். முடி வெட்டிக்கொள்வதுபோல நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டார். ஒன்றுமே இல்லாத முடி ஒரு கற்றை கிடைத்தால் அதை பிளாங்க்காக வைத்து ஊராரின் அளவுகளை எடுத்துவிடலாம், வக்கீல் வாய் திறக்க முடியாது. மனைவிக்குக் கோபம் தலைக்கேறியது. இருக்கிற கொஞ்சத்திலும் பங்கு கேட்கிறார்கள் என்று பட்டது. "அவர் ஊரார் தலையில கை வைக்கட்டும் சார். நீங்க அவர் தலையில கை வைக்காதீங்க" என்றாள். காற்றிலிருந்து சிரிப்பு வந்தது. "விடும்மா. ஊருக்கெல்லாம் வெட்டிவிட்டேன், ஊருக்காக ஒரு தடவை வெட்டிக்கிறேன். இருக்கறப்பவே குடுத்தாத்தானே உண்டு." வேறு யாருக்கும் நூல் கட்டத் தெரியாது என்பதால் அவளே வெட்டினாள். வெட்டி முடித்தபோது அவருடைய முகத்தில் மூக்கும் ஒரு புருவமும் மட்டும் மிச்சமிருந்தன.

அந்த பிளாங்க்கை வைத்து எடுத்த அளவுகள் புதுப் பிளேடுபோலக் கூர்மையாக வந்தன. ஊரில் ஒவ்வொரு ஆளிடமும் எவ்வளவு, எந்த மாதத்தில் எவ்வளவு, எந்த மீனிலிருந்து எவ்வளவு, எல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாமல். விசாரணையில் வக்கீல் முதல்முறையாக எழுந்திருக்க யோசித்தார். பிறகு எழுந்து அவளிடம் மெதுவாகக் கேட்டார். இந்த ஒன்றுமில்லாத முடி எந்த ஊர்க்காரருடையது? இந்த ஊர்க்காரருடையதுதான். எந்தத் தண்ணீர் குடிக்கிறார்? இந்த ஆற்றுத் தண்ணீர். எந்த மீன் தின்றார்? அவள் தலைமை ஆய்வாளரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழிவுக்குழாய்க்குப் பக்கத்தில் பிடித்த மீன் என்றாள். வாங்கிக் கொடுத்தது யார்? "நான்தான்" என்றாள். இதே ஆற்றின் மீனை ஒரு கோடை முழுக்கத் தின்றவரிடம் ஒன்றுமில்லை என்பதால் மற்றவர்களிடம் இருப்பது வேறெங்கிருந்தோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து விசாரணை அதிகாரிகள் வழக்கை மூடினார்கள். மறுமாதம் ஆலை பாலத்தருகே பெரிய விளம்பரப் பலகை வைத்தது. நம் ஆறு, நம் மனிதர் என்று அதில் எழுதியிருந்தது. புகைப்படத்தில் ஒரு வெள்ளைச் சட்டையும், அதற்கு மேலே சலூன் சுவரும், நடுவில் ஒரு புருவமும் தெரிந்தன.

புருவம் அந்த மழைக்காலத்தில் போயிற்று. அதன்பின் சட்டை போட்டாலும் சட்டையும் தெரியவில்லை. குடும்ப விவரம் சரிபார்க்க நகராட்சி குமாஸ்தா வந்தபோது சலூனில் அவள் மட்டும்தான் கண்ணில் பட்டாள்.

"வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா."

அவள் பேனாவை வாங்கி, கண்டறியும் அளவுக்குக் கீழே என்று எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்படியொரு கட்டம் தன்னிடம் இல்லையே என்றார். அதற்குள் குமாஸ்தாவின் காதருகே கத்தரி இரண்டு தரம் சத்தமிட்டது. தலையைத் தடவிப் பார்த்தார், வெட்டி நாளாகியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே வரும்போது பிடரி சுத்தமாக இருந்தது. இருக்கிறார் என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டுப் போனார்.

இப்போதும் அந்த சலூனிலிருந்துதான் ஆய்வுக்கூடத்துக்கு நல்ல உறைகள் வருகின்றன. ஒவ்வொரு மாதமும் கடையில் ஆள் குறைந்த மதியத்தில் அவளும் நாற்காலியில் உட்காருகிறாள். இரண்டு விரல்கள் அவள் தலையை மெல்ல முன்னே சாய்க்கின்றன. "ஆடாத" என்கிறார். பிடரியில் தோலை ஒட்டிக் கத்தரி நகர்கிறது. வெள்ளை நூல் காற்றில் எழுந்து, வேர்ப்பக்கத்தைச் சரியாகச் சுற்றி முடிச்சிட்டுக்கொள்கிறது. அவள் உறையை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறாள், மோதிரத்தைக் கழற்றி இழுப்பறையில் போடுகிறாள், முதலில் பிளாங்க்காக அவரைக் காட்டிவிட்டுப் பிறகு தன்னுடையதைப் போடுகிறாள். போன மாதத்தைவிட இந்த மாதம் அவளுடையது சற்றுக் கூடியிருந்தது.