மழை விலை

குடைக்காரர் கடையில் ஒவ்வொரு குடையிலும் ஒரு சீட்டு தொங்கும். ஒரு பக்கம் வெயில் விலை, மறுபக்கம் மழை விலை. வானம் முழங்கியதும் மனுஷன் ஓடி ஓடிச் சீட்டைத் திருப்பிவிடுவார். மழை விலை இரண்டு மடங்கு. கேட்டால், "நனையறவன் கொடுப்பான், கொடுக்காம எங்க போவான்?" என்பார். சாமர்த்தியத்துக்குக் குறைச்சலே இல்லை.

அந்த வருஷம் மழை அவரை நன்றாக ஏமாற்றிவிட்டது. கையிலிருந்ததை எல்லாம் குடையில் போட்டுவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மேகம் திரண்டது. கொடுமையைப் பாருங்கள், அன்றைக்கென்று போதகருக்குக் காய்ச்சல்! கடைக்கு எதிரே இருக்கும் தேவாலயத்தில் இவரையே பிரசங்கம் பண்ணச் சொல்லிவிட்டார்கள். தலைப்பு, பண ஆசை.

சீட்டுகளை எல்லாம் மழைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் மேடை ஏறினார். சுருக்கமாக முடித்துவிட்டு, கூட்டம் வெளியே வருவதற்குள் கடையைத் திறந்துவிட வேண்டும். ஆனால் வியாபாரி வாய் திறந்தால் லேசில் மூடுமா?

"பணத்தைக் கட்டிப் பிடிச்சிருக்கறவன் ஆண்டவரை எப்படிங்க கட்டிப் பிடிப்பான்? இருக்கறதே ரெண்டு கைதானே! கொடுங்க! கணக்குப் பார்க்காம கொடுங்க!"

வெளியே இடி முழங்கியது. சந்தோஷத்தில் அவர் குரல் இன்னும் ஏறியது. சபையே ஆமென் சொன்னது. முன்வரிசையில் இருந்த அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். குடைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஜெபம் முடிந்ததும் ஓடப் பார்த்தார். பாராட்ட வந்த சபை மூப்பர் கையை விட்டால்தானே! ஒருவழியாக வாசலுக்கு வந்தால், கொட்டுகிற மழையில் தெரு முழுக்கக் குடைகள். எல்லாம் அவர் கடைக் குடைகள்.

"ரொம்ப நன்றிங்க!" என்று ஆளாளுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள்.

தொப்பலாக நனைந்து கடைக்குள் ஓடினார். அலமாரி காலி. அவர் நாற்காலியில் மனைவி.

"அடிப்பாவி, அத்தனையும் வித்துட்டியா?"

"விக்கலைங்க, கொடுத்தேன். திருப்பித் தர்றவங்க தரட்டும்."

"ஓசியிலயா? யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"உங்களைத்தான். கணக்குப் பார்க்காம கொடுங்கன்னு நீங்க சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு."

காலி அலமாரியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். வீட்டுக்காவது போய்ச் சேரலாம் என்று மூலையில் மிஞ்சியிருந்த ஒரே குடைமேல் கை வைத்தார்.

"அது விலைக்கு" என்று அவள் கையை நீட்டினாள்.

விளையாடுகிறாள் என்று தெரிந்தும் பழக்கதோஷத்தில் சீட்டைப் பார்த்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் அதன்மேல் சொட்டியது.

"என்னது, இவ்வளவா? நனைஞ்சு நிக்கறவன்கிட்ட இப்படியா அடிக்கறது?" என்று கேட்டேவிட்டார்.

கேட்டபிறகுதான் யார் எழுதிய விலை என்று உறைத்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முறைத்துப் பார்த்தார், முடியவில்லை, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குடையை அவள் தலைக்கு மேல் விரித்தார்.