ஆற வேண்டியது வண்டி

எங்கள் வீட்டில் யாரும் என்னை அடித்ததில்லை, திட்டியதும் குறைவு. 'ஆறப்போடு' என்ற ஒரே வார்த்தையை வைத்து என்னை வளர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் முடிந்ததும் வண்டி வயரிங் படிக்கப் போகிறேன் என்றேன். ஆறப்போடு என்றார் அப்பா. பெண் பார்க்க வந்தவனின் பேச்சு பிடிக்கவில்லை என்றேன். ஆறப்போடு என்றாள் அம்மா. ஒர்க்‌ஷாப் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டும் என்று எட்டு வருஷமாக அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் பதிலை நான் சொல்லவே வேண்டாம்.

பலகையில் 'அண்ணன் தம்பி ஒர்க்‌ஷாப்' என்று இருக்கிறது. நான் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அப்பா அவசரப்பட்டு எழுதி மாட்டியது. பிறந்தது நான். பெயிண்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலகையை அப்படியே விட்டுவிட்டார்கள். அப்பா போன பிறகு என்ஜின் வேலை அண்ணனுக்கு, வயரிங் எனக்கு என்று ஆனது. வருகிறவர்கள் தம்பி இல்லையா என்று கேட்பார்கள். நான்தான் தம்பி என்பேன். சிரிப்பார்கள். போகப்போக அண்ணனே என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தான். வேலை அட்டையில் செய்தவர் கையெழுத்துப் போடும் கட்டத்தில் நானே 'தம்பி' என்று எழுதும் அளவுக்கு வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது சொல்ல வந்தது டர்போ டைமரைப் பற்றி. டர்போ என்பது, புகை வெளியே போகிற வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சின்னச் சக்கரம். விரட்டி ஓட்டினால் பழுக்கச் சூடேறும். அந்தச் சூட்டிலேயே என்ஜினை அணைத்தால் உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஆயில் நின்றுபோய், அங்கேயே கருகிக் கட்டியாகும். அதனால் சாவியை எடுத்த பிறகும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் என்ஜினை ஓடவிட்டு, சூடு தணிந்ததும் தானே அணைக்கிற பெட்டிதான் டைமர். பழைய டர்போவுக்கு, அதுவும் பாரம் ஏற்றி மலையேறி வந்து சட்டென்று நிறுத்துகிறவருக்கு, அது நல்ல சாமான். நானே சிலருக்கு மாட்டியிருக்கிறேன். இறங்காமல் ஒரு நிமிஷம் சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் அதே பலன்தான் என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டினேன்.

அண்ணன் அதை ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து உள்ளே நுழைகிற டர்போ வண்டி ஒவ்வொன்றும் அவன் கண்ணுக்கு டைமர் இல்லாத வண்டியாகத்தான் தெரிந்தது.

ஒரு நாள் காலையில் ஒரு நர்ஸ் வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர். ஒரு நாளைக்குப் பத்து வீடு. அதற்காகப் புதிதாக ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தார், சின்ன பெட்ரோல் டர்போ. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் வண்டியை அணைத்த பிறகு முன்பக்கம் ஏதோ முனகுகிறது என்றார். அண்ணன் காதை வைத்துக் கேட்டான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் அந்த அட்டைப்பெட்டி தெரிந்தது.

"டர்போ சூடு தாங்காம அழுவுது சிஸ்டர். டைமர் போட்டே ஆகணும். இல்லன்னா ரெண்டு மாசத்துல டர்போ போயிடும்."

நர்ஸின் முகம் செத்துப்போனது. வண்டி இல்லாவிட்டால் பத்து வீடு மூன்று வீடாகிவிடும் என்றார். அண்ணன் என்னைக் கூப்பிட்டான். தம்பி, சிஸ்டர் வண்டிக்கு ஒரு டைமர் மாட்டு என்றான். யாரோ பெற்ற பெண் அவனுக்கு சிஸ்டர், கூடப்பிறந்தவள் தம்பி. என்ன கொடுமையோ.

நான் ரப்பர் குழாயில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்ந்துகொண்டிருந்தது. அது அழுகை இல்லை. என்ஜின் நின்ற பிறகும் டர்போவைச் சுற்றித் தண்ணீர் ஓடட்டும் என்று, வண்டியைச் செய்தவர்களே வைத்த சின்ன மின்சார பம்ப்பின் சத்தம். தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்ளும் வண்டி. தெருவில் உருட்டிக்கொண்டு போகிறவருக்கு டர்போ அவ்வளவு சூடேறவும் போவதில்லை. இதையெல்லாம் நர்ஸிடம் அண்ணன் முன்னாலேயே சொன்னேன். உங்க வண்டிக்கு டைமர் வேண்டாம் சிஸ்டர் என்று முடித்தேன்.

அண்ணன் என்னை சாமான் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். வந்தவர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஆரம்பித்தான். என்ஜினைப் பற்றி வயரிங்காரி பேசக் கூடாது என்றான். நான் பம்ப்பைப் பற்றிச் சொன்னேன். அது மின்சாரத்தில் ஓடுவதால் என் கணக்கில்தான் வரும் என்றேன். அவனுக்கு இன்னும் ஏறியது.

"சரி, தேவையில்லன்னே வெச்சுக்கோ. போட்டா என்ன கெட்டுப்போகுது, அதச் சொல்லு."

எனக்குப் பதில் வரவில்லை. அது தெரிந்ததும் அவன் குரல் இறங்கியது. இறங்கினால்தான் அவன் ஆபத்து.

"மாட்டு. இல்லன்னா நாளையிலேருந்து முன்னறையில உக்காந்து போன் எடு. வயரிங்குக்கு வெளியிலேருந்து ஆள் பாத்துக்கறேன்."

முன்னறையில் போன் எடுப்பது அண்ணி. சுவர் மெல்லிசு. கதவைத் திறந்து, போன் எடுப்பது தண்டனையா என்று கேட்டாள். இத்தனை வருஷமாக நான் என்ன குற்றம் செய்து அதைச் செய்கிறேன் என்றும் கேட்டாள். அண்ணன் வெளியே நழுவினான். அண்ணி என் பக்கம் திரும்பி, தோளைத் தொட்டு, அன்பாகத்தான் சொன்னாள்: கொஞ்சம் ஆறப்போடேன்.

எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும். பதினாறு வருஷமாக ஒரு மேஜை என்னுடையது. எந்தக் கம்பிச் சுருள் எந்த ஆணியில் தொங்குகிறது என்று விளக்கு இல்லாமலே தெரியும். அதை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. ஒரு பெட்டி, நாலு கம்பி, கால் மணி நேர வேலை. மாட்டித் தொலைத்துவிட்டால் எல்லோரும் சந்தோஷம். ஆனால் வேண்டாம் என்று அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துச் சொன்ன வாயால் இப்போது என்ன சொல்வது?

வேலை அட்டையில் பெயரும் விவரமும் எழுதி வாங்கப் பெஞ்சில் இருந்த நர்ஸிடம் போனேன். இடது கையில் அவர் பேனாவைப் பிடித்த விதம் கோணலாக இருந்தது. என்ன ஆனது என்று கேட்டேன். படியில் விழுந்து மணிக்கட்டு உடைந்தது, சேர்ந்தது சரியாகச் சேரவில்லை, அழுத்தி எதையும் இழுக்க முடியாது என்றார். அது ஹேண்ட்பிரேக் பக்கத்துக் கை.

"அப்ப ஹேண்ட்பிரேக் எப்படி போடுவீங்க சிஸ்டர்?"

"போடுறதே இல்லம்மா. கியர்ல போட்டு நிறுத்திடுவேன். சக்கரத்த பிளாட்பாரம் பக்கமா ஒடிச்சு வெச்சிருவேன். நான் போற வீடு பாதி மேட்டுத் தெருவுலதான், ஒரு நாளும் நகந்ததில்ல."

அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. என்ஜின் அணைந்திருந்தால்தான் கியரில் போட்டு நிறுத்த முடியும். டைமர் இருந்தால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். கியரை எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அந்த ஒன்றரை நிமிஷமும் வண்டியைப் பிடித்து வைப்பது ஹேண்ட்பிரேக் மட்டும்தான். இந்த அம்மாளால் இழுக்க முடியாத ஹேண்ட்பிரேக்.

நான் அண்ணனைத் தேடிப் போனபோது அவனே நர்ஸ் வண்டிக்குள் தலைகீழாகக் கிடந்தான். டைமரை மாட்டி முடித்திருந்தான். குறை சொல்லக் கூடாது, சுத்தமான வேலை. ஹேண்ட்பிரேக் கம்பியையும் முறைப்படி சேர்த்திருந்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்தக் கம்பியைத்தான் காட்டினான். பிரேக் போடாவிட்டால் இரண்டு மூன்று நொடியில் டைமர் என்ஜினை அணைத்துவிடும், அப்புறம் என்ன பயம் என்றான்.

அங்கேதான் அவன் கோட்டைவிட்டான். ஹேண்ட்பிரேக் விளக்கு, பிடியை இழுக்கும்போது விழும் முதல் பல்லிலேயே எரிந்துவிடும். பிடி கொஞ்சம் மேலே வந்தது என்று மட்டும்தான் அந்தக் கம்பிக்குத் தெரியும். சக்கரத்தைப் பிடித்ததா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. வயரிங்காரிக்குத் தெரியும், என்ஜின்காரனுக்கு அது ஞாபகம் வரவில்லை. வாயால் சொன்னால் மறுபடி சாமான் அறைக்குத்தான் போவோம் என்று, இரண்டு மரக்கட்டைகளை எடுத்துக்கொண்டு, வாசலை ஒட்டித் தண்ணீர்த்தொட்டிக்கு ஏறும் சரிவுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். அண்ணியும் போனைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

நர்ஸ் சரிவில் பாதி ஏறி நிறுத்தினார். நான் பின்சக்கரங்களுக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டைகளை வைத்தேன். ஒரு வீட்டுக்குப் போகிற மாதிரி இறங்குங்கள் என்றேன். பழக்கதோஷத்தில் அவர் கியரில் போட்டு, சாவியை எடுத்துவிட்டு கிளட்சை விட்டார். டைமர் அணைப்பதற்குள் என்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் வண்டி துள்ளி அணைந்தது. அண்ணன் பொறுமையாக விளக்கினான்: நியூட்ரல், ஹேண்ட்பிரேக், அப்புறம் சாவி. இரண்டாவது தடவை அப்படியே செய்தார். ஹேண்ட்பிரேக்கில் இரண்டு பல் சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது. டைமரில் தொண்ணூறு என்று வந்து குறைய ஆரம்பித்தது. இன்னும் இறுக்கி இழுக்கச் சொன்னான் அண்ணன். இதற்கு மேல் வராது, விளக்குதான் எரிகிறதே என்றார் நர்ஸ்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி நின்றது. அண்ணன் என்னைப் பார்த்தான். நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினார். அந்த அதிர்ச்சி போதுமானதாக இருந்தது. வண்டி மெதுவாகப் பின்னால் வந்தது. சாவி அவர் கையில். ஸ்டியரிங் பூட்டியிருந்தது. ஒரு முழம் உருண்டு கட்டையில் முட்டி நின்றது. என்ஜின் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

டைமரில் எழுபத்தொன்று. சரிவின் கீழே எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலும், அங்கே நிற்கும் வண்டிகளும், தெருவில் போகிறவர்களும் தெரிந்தார்கள். அண்ணன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்நேரம் நான் மாடிப்படி ஏறியிருப்பேன்" என்றார் நர்ஸ். "சத்தம்கூட கேட்டிருக்காது."

முழு எழுபத்தொன்றும் நின்றுகொண்டே கழித்தோம். சைபர் வந்ததும் என்ஜின் அணைந்தது. அடுத்த நொடி முன்பக்கத்திலிருந்து அந்த முனகல் கிளம்பியது, காலையில் கேட்ட அதே பம்ப். தொண்ணூறு விநாடி டைமருக்குப் பிறகும் வண்டி தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. அண்ணனுக்கும் கேட்டது. அவன் மீசையைத் தடவினான், தொண்டையைச் செருமினான்.

"சரி, உள்ள போய் பேசிக்கலாம். கொஞ்சம் ஆறப்போடு."

சட்டைப் பையில் இருந்த ஸ்குரூடிரைவரை எடுத்து அவனிடம் நீட்டினேன். குரல் தெளிவாகத்தான் வந்தது.

"வண்டி ஆறட்டும்ணா, அதுக்கு பம்ப் இருக்கு. நான் ஆற மாட்டேன். இங்கயே கழட்டு. நீ மாட்டினத நீயே கழட்டு. அந்தப் பெட்டியில இருக்கறது ஒண்ணுகூட என்னக் கேக்காம எந்த வண்டிக்கும் போகக் கூடாது. நாளைக்கும் நான் என் மேஜையிலதான் இருப்பேன்."

அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் தலையை விட்டான்.

அவன் கழட்டுகிற வரைக்கும் நான் பானெட் மேல் வேலை அட்டையை வைத்து எழுதினேன். சத்தம் பம்ப்பினுடையது, கோளாறு இல்லை. டைமர் தேவையில்லை. கியரில் போட்டு நிறுத்துவதே சரி. கீழே கையெழுத்துக் கட்டத்துக்கு வந்ததும் 'த' என்று எழுதிய கை பழக்கத்தில் அடுத்த எழுத்துக்கு ஓடியது. நிறுத்தி, யோசித்து, எழுதி முடித்தேன்.

அண்ணன் வெளியே வந்து அட்டையை வாங்கிப் படித்தான். கடைசி வரியில் அவன் கண் நின்றது.

"இது யாரு, 'தங்கச்சி'ன்னு?"

"வேலை செஞ்சவ" என்றேன். "பலகையில ஏறுற வரைக்கும் அட்டையில இருக்கட்டும்."