பூஜையில் வைத்த நாவல்

ஆபீஸ் பூஜையில் கொடுத்த பொரிப் பொட்டலத்தோடு காளவாசலிலிருந்து வில்லாபுரம் வீட்டுக்குத் திரும்பிய முத்துமீனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கேயும் சரஸ்வதி பூஜை முடிந்திருந்தது. சாமி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூவோடு அவளுடைய நாவல்.

அது பழைய புத்தகக் கடையில் வாங்கிய எண்பதுகளின் மாத நாவல். வேட்டி நழுவும் பண்ணையார், இருட்டில் ஆள் மாறிப்போகும் கட்டில் என்று எல்லாம் இருந்தது. "அந்தக் காலத்துக் கிளுகிளுப்பு காமெடியெல்லாம் இப்பப் படிச்சாச் சிரிப்பு வருமாடி?" என்று தோழி அஸ்வினி கேட்டதற்காக வாங்கியது. பஸ்ஸில் படிக்க வேண்டியிருந்ததால் முருகன் படம் உள்ள காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தாள். பாதி வரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம் ஒரு குளக்கரைக் காட்சி. குளிக்கிற பெண்களை வைத்தியர் ஒளிந்திருந்து பார்ப்பதை வேடிக்கையாக எழுதியிருந்தது. அங்கே சிரிப்பு வரவில்லை. உடம்புதான் கூசியது.

"மெத்தை மேல கெடந்துச்சும்மா, எடுத்து வச்சுட்டேன்" என்றாள் மாமியார் கனகலட்சுமி. "அண்ணிகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். என் மருமக பஸ்ல போறப்பக்கூட முருகன் பாட்டுத்தான் படிக்கிறாள்னு. அவுகளால பதிலே பேச முடியலையே!"

அண்ணி என்றால் மாமனாரின் அக்கா ஹம்சவேணி. சௌராஷ்டிரக் குடும்பத்துக்குள் வேறு சாதிப் பெண் வரக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள். மகன் ராகேஷின் காதலுக்காக அவளோடு மல்லுக்கட்டி முத்துமீனாவைக் கொண்டுவந்தவள் கனகலட்சுமி.

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் தொடலாம். அப்போது குடும்பத்தில் மூத்தவர் மேலே இருக்கும் புத்தகத்தை எடுத்து, கைக்கு வந்த பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அந்த வீட்டு வழக்கம் அது. வாசிக்க வரப்போவது ஹம்சவேணி.

"நைசா எடுத்துருங்க" என்று ராகேஷிடம் கெஞ்சினாள்.

"ஐயோ, தொட்டா அம்மா சாமியாடிருவாங்க. நீயே சொல்லிரு."

அடுப்படிக்குப் போனாள். சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த கனகலட்சுமி திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்ல அத்தை" என்று வந்துவிட்டாள்.

காலையில் ஹம்சவேணி பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்தாள். "எங்க, மருமகளோட பக்தியைப் பாப்போம்" என்று புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முன்பாதியைத் திற, முன்பாதியைத் திற என்று முத்துமீனா மனசுக்குள் வேண்டினாள். புத்தகம் பாதிக்கு மேலே விரிந்தது.

"குளக்கரைப் புதருக்குள் வைத்தியர் பதுங்கினார்..." கந்தசஷ்டி சொல்லும் ராகத்தில் தொடங்கிய குரல் இரண்டாவது வரியில் இழுத்தது. மூன்றாவது வரியில் நின்றுபோனது.

ஹம்சவேணி சௌராஷ்டிர மொழியில் படபடவென்று ஏதோ சொன்னாள். கனகலட்சுமி பதில் சொன்னாள். மாமனார் பாலசுந்தரம் குறுக்கே ஏதோ சொன்னார். முத்துமீனாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தன்னைப் பற்றித்தான் என்பது மட்டும் புரிந்தது.

"என்னோடதுதான்" என்றாள். "அத்தைக்கு எதுவும் தெரியாது. சாமி தாளைப் போட்டதும் நான்தான்."

கனகலட்சுமி புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை முழுசாகப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"பொம்பளை குளிக்கிறதை எட்டிப் பாக்குறதுல என்ன சிரிப்பு இருக்கு? உனக்குச் சிரிப்பு வந்துச்சா?"

"இங்க வரல அத்தை. முன்னாடி வந்துச்சு. பண்ணையார் கிணத்துல குதிக்கிற எடத்துல."

"படி."

"அத்தை..."

"எல்லார் முன்னாடியும் படி. எதுக்குச் சிரிச்சேன்னு நானும் தெரிஞ்சுக்கிறேன்."

பக்கத்தைத் தேடி எடுத்தாள். வாசித்தாள்.

"புருஷன்காரன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, 'யாரது?' என்றான். 'தவளை' என்றார் பண்ணையார். 'தவளை பேசுமா?' 'பேசாதுதான். நீ கேட்டியேன்னு சொன்னேன்.' 'அப்ப இந்தத் தவளையோட எட்டு முழ வேட்டி எதுக்கு என் பொண்டாட்டி கட்டில்ல கெடக்கு?'"

பாலசுந்தரம் இருமினார். அது இருமல் இல்லை. ஹம்சவேணி வெடுக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவள் முதுகு குலுங்கியது. முத்துமீனா அவர்களைப் பார்க்கவில்லை. கனகலட்சுமி முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். தோள்கள் துடித்துக்கொண்டிருந்தன. அழ வைத்துவிட்டோம் என்று நினைத்ததும் வாசிப்பதை நிறுத்தினாள்.

"ஏன் நிப்பாட்டுன?" முந்தானைக்குள்ளிருந்து மூச்சுத் திணறியபடி குரல் வந்தது. "அந்த ஆளு எப்படித்தான் வெளிய வந்தான்?"