நான்கு பேருக்கு ஒரு சஹன்

நாஜியாவுக்கு வேலை பன்றிக்குட்டிகளோடு. முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், காரணம் இருக்கிறது. மாட்டுக் குடலில் சொகுசாக வாழும் ஒரு கிருமி, சரியாக வேகாத இறைச்சி வழியாகக் குழந்தைகள் வயிற்றுக்குள் போய் விஷம் கக்கும். முதலில் ரத்தபேதி, அப்புறம் சிறுநீரகம் படுத்துவிடும். இந்த நாசத்தைச் சுண்டெலியிடம் முழுசாகப் பார்க்க முடியவில்லை. பன்றிக்குட்டிக்குத்தான் நம் பிள்ளைகளுக்குப் போலவே சிறுநீரகம் கெடுகிறது. அதனால் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவள் அவற்றுக்குப் பாலூட்டி, கிருமி கொடுத்து, மருந்தும் கொடுத்து, கடைசியில் சிறுநீரகத்தை அறுத்தும் பார்க்கிறாள். அறுக்கிற அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

குட்டிகள் பிறந்த கையோடு வெளிக்கிருமி புகாத பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் போய்விடும். கூடாரத்துச் சுவரிலேயே பொருத்திய தடித்த ரப்பர் கையுறைக்குள் கைவிட்டுத்தான் எல்லா வேலையும். ஒரு குட்டியைக்கூட நாஜியா வெறுங்கையால் தொட்டதில்லை. அப்படியும் மனசு கேட்காமல், பன்றி பட்டால் கழுவ மார்க்கம் சொன்ன முறைப்படி மண் சோப்புப் போட்டு ஏழு தடவை கழுவிவிட்டுத்தான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கிளம்புவாள். பிள்ளைகள் உயிர் காக்கிற வேலை, கழுவினால் சுத்தம் என்று மார்க்கம் சொல்லித்தரும் உஸ்தாதே சொல்லிவிட்டார். உஸ்தாத் சொன்னதைக் காதில் வாங்க ஊருக்கு நேரம் இருந்தால்தானே!

கூடாரத்துக்கு முன்னால் அவள் நிற்கும் படம் ஒன்று எப்படியோ குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள். கிள்ளானில் இருக்கும் அக்கா மஜீதா வீட்டில் அவளுக்கென்று தனி கிளாஸ் வந்தது, அப்புறம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதே நின்றது. நாஜியாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவள் தமிழில் நாலு வார்த்தை பேசுவதைக் கேட்டவை அந்தக் குட்டிகள்தான். பதில் சொல்லாவிட்டாலும் அவை எழுந்து போகவில்லை.

அப்படி இருக்கையில் ஒருநாள் மஜீதா போன் செய்தாள். மகளுக்குக் கல்யாணமாம்.

"நீ வராம எப்படி? வா லா, ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்."

அந்த ஒரு வார்த்தை போதாதா? நாஜியா குட்டிகளை உடன் வேலை செய்யும் விமலனிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வாரம் முன்னாலேயே லீவு போட்டாள். புதுப்புடவை எடுத்தாள். அக்காவோடு ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடப் போகிறோம் என்ற நினைப்பிலேயே கிள்ளான் ரயிலில் சிறுபிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு போனாள்.

மண்டபத்தில் பெண்கள் பக்கம் பாய் விரித்து, வரிசையாகச் சஹன் வைத்திருந்தார்கள். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து, அவரவர் தன் முன்னால் இருப்பதைச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. நாஜியா ஒரு சஹன் முன்னால் உட்கார்ந்தாள். வந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள், ஸலாம் சொன்னார்கள், "அங்க இடம் இருக்கு" என்று நகர்ந்தார்கள். மண்டபம் நிறைந்தது. அவள் சஹனில் மட்டும் மூன்று இடம் காலி.

மஜீதா அந்தப் பக்கம் வந்தாள்.

"லாத்தா, நீங்க வாங்க. உங்களுக்காகத்தான் இருக்கேன்" என்று அக்காவைக் கூப்பிட்டாள் நாஜியா.

அக்கா குனிந்து, காதோரம் சொன்னாள்: "சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்குறாங்க. உனக்குன்னு பார்சல் கட்டி வெச்சிருக்கேன். ரூம்ல போய் உக்காந்து சாப்பிடு லா."

"அந்தக் குட்டிகள நான் வெறுங்கையால தொட்டதே இல்ல லாத்தா."

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா? எத்தன பேருகிட்ட போய் நான் சொல்லுவேன்?"

தெரியாமல் ஒதுக்கினால் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தே ஒதுக்கினால்?

நாஜியா எழுந்திருக்கவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி, தன் பங்குச் சோற்றை மட்டும் நிதானமாகச் சாப்பிட்டாள். மற்ற மூன்று பங்கும் வைத்தது வைத்தபடி ஆவி பறந்து ஆறிப்போயின.

சஹனை எடுக்க வந்த பெண் மஜீதாவைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, இந்தப் பக்கமெல்லாம் யாரும் கையே வைக்கல. அடுத்த பந்திக்குக் கொண்டு போகவா?"

கீழே சிந்திய பருக்கையைக்கூட, விட்டால் சோற்றில் இருக்கும் இறையருள், அந்த பரக்கத், போய்விடும் என்று பொறுக்கி வாயில் போட்டுக்கொள்கிறவள் மஜீதா. தங்கச்சியின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"கொட்டிடு" என்றாள்.